வால்பக்கத்து இருக்கைகள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை காலமான செய்தி மூன்று வாரம் கழித்து, மூன்றாம் மனிதர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் வந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். நீயும் உன் மகளும் தைரியமாக இருங்கள்.

எழுதக் காரணம் வேறு. நம் விமானக் கம்பெனி தொடங்கி வருகிற ஜூனோடு பத்து வருடம். ஓடியது பதினான்கு மாதம்தான். ஆனாலும் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் மலை சுற்றிப் போன ஊரை நாற்பத்தைந்து நிமிடத்தில் நகரத்தோடு சேர்த்தவன் நான். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும். யாரும் எழுதவில்லை, நானே எழுதிவிட்டேன். நூற்றிருபது பக்கம். முதல் பிரதியை, நம் விமானத்தை ஓட்டிய கேப்டன் வெளியிடச் சம்மதித்திருக்கிறார்.

மாப்பிள்ளை எடைமேடை பக்கத்தில் நிற்கிற போட்டோ ஒன்று உன் வீட்டில் இருக்கும். அதை அனுப்பு. அறுபத்தோராம் பக்கத்துக்கு வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு வேகமாகப் படிக்க வராது என்று உங்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திய வீட்டில்தான் நீங்களும் இருந்தீர்கள். இரண்டு நாள் எடுத்துப் படித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போன அன்று காலையிலேயே என் மகள் அண்ணிக்குப் போன் செய்தாள். பக்கத்தில் நீங்கள் இருமினீர்கள். அந்த இருமலை எனக்குத் தெரியாதா. வராததற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் எழுதி தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்க வேண்டாம்.

அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தேன். "எடை பார்க்கும் ஊழியர் ஒருவரின் அலட்சியத்தால் வால்பக்கம் பாரம் கூடிய விமானம், தரையை விட்ட வேகத்தில் மூக்கைத் தூக்கி, திரும்ப விழுந்து சுவரில் மோதியது. பயணிகள் பதினான்கு பேரும் காயத்தோடு தப்பினார்கள். விமானி இடது காலை இழந்தார். கம்பெனி அன்றோடு முடிந்தது." இவ்வளவுதான் அந்தப் பக்கம். இதற்கு மேலே ஒட்டத்தான் அவருடைய போட்டோ கேட்கிறீர்கள். பேர் போடாமல் முகத்தைப் போடப் பார்க்கிறீர்கள்.

அலட்சியம் என்று யாரைச் சொல்கிறீர்கள். காலை நாலரைக்குப் போய் அந்தத் தகரக் கொட்டகையைத் திறந்தவர் அவர். ஓடுதளத்தில் மாடு படுத்திருந்தால் விரட்டியவர் அவர். உங்கள் பஸ் டிக்கெட்டையே கொஞ்ச நாள் கிழித்துக் கொடுத்தீர்களே, "நின்று பயணம் செய்வோர்" என்று அச்சடித்ததை, அதில் ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தது அவர். மூட்டை தூக்கினார், ஆளை எடை போட்டார், இறக்கையைத் துடைத்தார். ஒரே சம்பளம். நீங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது மட்டும்தான் அதிகப்படி.

கம்பெனி முடிந்தபிறகு அவர் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கினார். ஊரே அவரைக் "கிலோ" என்று கூப்பிட்டது. "கிலோ, நான் எவ்வளவு இருப்பேன் சொல்லு" என்று டீக்கடையில் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் ஒரு எண் சொல்லுவார். சரியாகத்தான் இருக்கும். கடைசியில் அந்தத் தூசிதான் நெஞ்சில் ஏறி அவரைக் கொண்டுபோனது.

போட்டோ வராது. அந்த வார்த்தையை எடுங்கள்.

தங்கச்சி


மார்ச் 17

தங்கச்சிக்கு,

உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் கோபத்தை வைத்துச் சரித்திரம் எழுத முடியாது.

எனக்குப் பத்து பஸ் இருந்தது. எட்டை விற்றுத்தான் இரண்டு சின்ன விமானம் வாங்கினேன், ஒன்றுக்குப் பதினைந்து இருக்கை. உன் அண்ணி பேசாமல் இருந்தாள் ஒரு மாதம். முதல் நாள் ஒன்பது பேர் ஏறினார்கள், அதில் ஐந்து பேர் இறங்கியதும் திரும்பி அதே விமானத்தில் வந்தார்கள், நகரத்தில் வேலையில்லை, சும்மா பறந்து பார்க்க வந்தவர்கள். ஏழாவது மாதம் காலை விமானத்துக்கு இடம் கிடைக்காமல் ஆள் திரும்பிப் போனது. டாக்டர் வாரம் இரண்டு நாள் நம் ஊருக்கு வந்தார். அன்றைய பேப்பர் அன்றைக்கே வந்தது. இதெல்லாம் ஒரே காலையில் போயிற்று. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் நடந்தால், "பறக்கும் பஸ் எப்ப சார் திரும்ப வரும்?" என்று கண்டக்டர் பசங்கள் கேட்கிறார்கள்.

விசாரணையில் உன் வீட்டுக்காரரை மூன்று முறை கேட்டார்கள். எடை பார்த்தது நீயா என்று. மூன்று முறையும் ஆமாம் என்றார். எழுதியதற்கும் நிஜமான எடைக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டபோது, கவனிக்கவில்லை என்றார். அவர் சொன்ன வார்த்தை அது. கவனிக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயர்தான் அலட்சியம். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

தப்பு செய்யாதவன் ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேசுவான். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததுதான். அதற்குப் பிறகு பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல். அழுகையை அனுப்பாதே.

அண்ணன்


மார்ச் 25

அண்ணனுக்கு,

சொல்ல இருக்கிறது. ஒரு வாரமாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். அழுகை இல்லை, பயப்படாதீர்கள்.

எடை பார்த்தது நான்.

ஆண்பிள்ளை எடை போட்டால் மேடையில் ஏற மாட்டோம் என்று பெண்கள் முதல் மாதமே சண்டை போட்டார்கள். "தனியா ஒரு பொண்ணை வேலைக்குப் போட முடியாது. நீ சும்மாதானே இருக்கே, பொம்பளைங்களை நீ பார்த்துக்கோ" என்று சொன்னது யார்? ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து ஆண்களை அவர் பார்த்தார், பெண்களை நான் பார்த்தேன். எண் எழுத எனக்குத் தெரியும். அது போதும் என்றீர்கள்.

கனமானவர்களுக்குச் சிவப்புச் சீட்டு, முன்னால் உட்கார. நடுத்தரத்துக்கு மஞ்சள். ஒல்லியானவர்களுக்கு வெள்ளை, வால்பக்கம். விமானம் நிதானமாக இருக்கத்தான் இது. ஆனால் நம் ஊர் என்ன ஊர். மூன்றே மாதத்தில் வெள்ளைச் சீட்டு வாங்குவது பெண்களுக்குப் பெருமையாகிவிட்டது. கைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பார்கள். சிவப்புச் சீட்டுக்காரி என்று ஒருத்தியை அவள் மாமியாரே கூப்பிட்டாள். "அக்கா, நாலு கிலோ குறைச்சு எழுதுங்க, புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். என்னிடம் அதுவரை யாரும் கெஞ்சியது கிடையாது. பெரிய வீட்டுப் பெண்கள், படித்தவர்கள், என் கையைப் பிடித்தார்கள். குறைத்து எழுதினேன். ஒருத்திக்கு, இரண்டு பேருக்கு. விமானம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஒன்பது டீச்சர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று சேர்ந்து வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கனத்த உடம்பு. முள் எண்பத்தெட்டில் நின்றது. அந்த அம்மா மேடையை விட்டு இறங்காமல், "ஒரே ஒரு தடவை வெள்ளைச் சீட்டு குடுங்க. இவளுங்க முன்னாடி எப்பவும் நானே சிவப்பு வாங்கிட்டிருக்கேன்" என்று என் காதில் சொன்னார். பிள்ளைகளை மிரட்டுகிற அம்மா, குழந்தை மாதிரிக் கேட்டார். கொடுத்தேன். அவருக்குக் கொடுத்ததைப் பார்த்து மற்ற எட்டு பேரும், "அவங்களுக்கே வெள்ளைன்னா எங்களுக்கு என்ன குறைச்சல்" என்று சிரித்துச் சிரித்து வாங்கினார்கள். வாலில் இருந்த மூன்று வரிசையும் நிறைந்தது. என் வீட்டுக்காரர் வெளியே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவசரமாக வந்து, தினமும் போடுகிற மாதிரி, நான் எழுதிய தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் கவனிக்காதது அது ஒன்றுதான். என்னை நம்பியதுதான் அவருடைய அலட்சியம்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். "நீ எடைமேடை பக்கமே போகல. யார் கேட்டாலும் அதுதான். புரிஞ்சுதா" என்றார். அன்றைக்கு நான் வரவில்லை என்று உங்களிடமும் சொன்னார்; டீச்சர்களும் தாங்கள் கெஞ்சியது வெளியே வரக்கூடாதென்று என் பேரையும் நிஜ எடையையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மகள் சின்னவள், நான் ஜெயிலுக்குப் போனால் அவளை யார் பார்ப்பார்கள் என்ற பயம் முதலில். பிறகு அது பழகிப்போயிற்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவர் மூட்டை தூக்கிக்கொண்டு வருவார், நான் சோறு போடுவேன். அப்படியே ஒன்பது வருடம்.

இப்போது அவர் இல்லை. இனி அவர் எனக்காகச் சுமக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் அவரை எடுத்துவிட்டு என்னைப் போடுங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 2

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது வருடம் உன் வீட்டில் தப்பான ஆளை வெறுத்திருக்கிறேன். பரவாயில்லை, இப்போது சரியான ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. நாலு பெண்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள் என்பதற்காக என் எட்டு பஸ்ஸையும் இரண்டு விமானத்தையும் ஒரு மனிதனின் காலையும் கொடுத்துவிட்டாய். இதைவிட மலிவாக யாரும் எதையும் விற்றதில்லை.

ஆனால் இது புத்தகத்தில் வராது. பயிற்சி பெற்ற ஊழியரைத் தவிர வேறு யாரும் எடைமேடையைத் தொட்டதில்லை என்று விசாரணையில் நான் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் தங்கச்சியை, நாலாம் வகுப்பை, சம்பளம் இல்லாமல் நான்தான் அங்கே நிறுத்தினேன் என்று இப்போது எழுதினால் நான் என்ன ஆவேன்? அந்தத் தகரக் கொட்டகையைப் பார்த்துச் சிரித்த ஊர் என்னை என்ன சொல்லும்? யோசித்தாயா? யோசிக்க மாட்டாய். உனக்கு அன்றைக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

செத்தவருக்கு நல்ல பேரும் கெட்ட பேரும் ஒன்றுதான். அவரே ஏற்றுக்கொண்டு போனதை நீ ஏன் கிளறுகிறாய்? அறுபத்தோராம் பக்கம் இருக்கிறபடியே இருக்கும். இனி எழுதாதே.


ஏப்ரல் 13

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இதை நான் எழுதவில்லை, கேப்டன் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் ரேடியோ, மிக்சி ரிப்பேர் செய்கிறார். செயற்கைக் காலைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மாட்டப் போனார், பிறகு மாட்டாமல் விட்டுவிட்டார். அவர் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். உங்களுக்கு எழுதினேனே, அதே மாதிரி. அவர் கையிலிருந்த மிக்சியை ஓரமாகத் தள்ளி வைத்தார். முடித்தபிறகு, "மொத்தம் எத்தனை கிலோ குறைச்சு எழுதினீங்க?" என்று கேட்டார்.

தொண்ணூற்று மூன்று என்றேன். இந்த ஒன்பது வருடத்தில் நான் அதைக் கூட்டிப் பார்க்காத நாள் கிடையாது.

"யார் எந்த வரிசையில உட்கார்ந்தாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொருத்தியாகச் சொன்னேன். அவர் மிக்சி பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் விமானத்தை வரைந்து, ஒவ்வொரு இருக்கையிலும் எடையை எழுதினார். பெட்டிகள் எத்தனை என்று கேட்டார். கூட்டினார், பெருக்கினார், அழித்தார், மறுபடி கூட்டினார். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. என் கால் வலித்தது, ஆனால் அந்த வீட்டில் கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது.

பென்சிலைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை. "நான் சீக்கிரமா இழுக்கல. இழுக்கவே இல்ல, அதுவாத்தான் மேல போயிருக்கு" என்றார். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணா, உங்களுக்கு இது தெரியுமா? விசாரணையில் வாலில் பாரம் இருபது முப்பது கிலோதான் கூடியிருக்கும் என்று மதிப்புப் போட்டார்களாம். என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை என்று சொன்னாரே தவிர, எத்தனை என்று சொல்லவில்லை. சொன்னால் என் பேர் வெளியே வந்திருக்கும். அவ்வளவு சின்னப் பாரத்தைச் சமாளிக்க முடியாமல் நாம்தான் கைப்பிடியை அவசரப்பட்டு இழுத்துவிட்டோம் என்று இந்த மனிதர் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். வேறு கம்பெனியில் தரையில் வேலை கொடுக்கிறோம் என்று கூப்பிட்டார்களாம், பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்க. என்னால் ஒருத்தனுக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டாராம். என் வீட்டுக்காரர் எனக்காக வாயை மூடியது எனக்கு மட்டும் நல்லது. அதை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல யாரும் இல்லை, அதனால் உங்களிடம் சொல்லித் தொலைக்கிறேன்.

மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் என்கிட்ட எதிர்பார்க்காதீங்க. போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். சரி என்று வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "உங்கண்ணன்கிட்ட சொல்லுங்க. இது புத்தகத்துல வரணும். வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன். ஏன் ஏறலைன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் காரணமும் சொல்லுவேன்."

சொல்லிவிட்டேன். நீங்கள் ஆச்சு, அவர் ஆச்சு.

தங்கச்சி


ஏப்ரல் 20

கேப்டன் போன் செய்தார். நான் பேசியதை அவர் கேட்கவில்லை, அவர் பேசியதை நான் கேட்டேன்.

அறுபத்தோராம் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். இதோடு இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. அச்சகத்துக்காரன் கேட்கிறான், பிறகு வழக்கு கிழக்கு என்று வரக்கூடாதாம்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் பேர் சுத்தமாயிற்று. இனிமேல் ஊர் உன்னை என்ன பேர் வைத்துக் கூப்பிடுகிறது என்று பார்க்கலாம். விழாவுக்கு வர வேண்டாம். வீட்டுக்கும்தான்.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணனுக்கு,

பக்கத்தைப் படித்தேன். இந்தத் தடவை ஒரே நாளில் படித்துவிட்டேன்.

பாதிக்கு மேல் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது டீச்சர்கள், தொண்ணூற்று மூன்று கிலோ, வெள்ளைச் சீட்டு, எல்லாம் இருக்கிறது. விமானி மேல் ஒரு தவறும் இல்லை என்று தனி வரியாகப் போட்டிருக்கிறீர்கள், அது நல்லது. என்னைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் குறைக்கச் சொல்லவில்லை. "பேராசை" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு என்ன வார்த்தை என்று யோசித்தேன், எனக்கும் தெரியவில்லை. இருக்கட்டும். ஊர் என்ன பேர் வைத்தாலும் சரி. மகளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அதுவும் சரிதான்.

ஐந்தாவது வரியில், "எடை பார்த்தவரின் மனைவி, உரிமையாளருக்குத் தெரியாமல், எடைமேடையில் நின்று" என்று போட்டிருக்கிறீர்கள்.

"உரிமையாளருக்குத் தெரியாமல்" என்பதைப் பேனாவால் அடித்துவிட்டேன். மேலே "உரிமையாளர் சொன்னபடி" என்று எழுதியிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கும், ஆனால் படிக்க முடியும். இப்படித் திருத்திய தாளை ஜெராக்ஸ் எடுத்து கேப்டன் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

தங்கச்சி